சாயத்துக்குப் போகும் முன்

கேள்வி: காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலை நெய்து கடைகளுக்குக் கொடுக்கிறோம். கரை நிறத்தை உறுதிசெய்யச் சொல்லி மெயில் போட்டால் பதிலே வருவதில்லை. மறுபடி கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?

பதில்: மாட்டார்கள், பெரும்பாலும் மறந்திருப்பார்கள். 'தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி' என்று மட்டும் எழுதினால் அந்த மெயில் இன்னும் ஒரு வாரம் தூங்கும். உடல், கரை, முந்தானை மூன்றுக்கும் தனித்தனியே சாயம் ஏற்ற வேண்டும், பாவு தறியேறிவிட்டால் நிறத்தை மாற்ற முடியாது என்பதெல்லாம் கடை மேனேஜருக்குத் தெரியும் என்று எண்ணாதீர்கள். தலைப்பிலேயே கிழமையைப் போடுங்கள்: 'கரை நிறம் – வியாழனுக்குள் உறுதி தேவை'. உள்ளே இப்படி: "ஐயா, வணக்கம். வெள்ளிக்கிழமை நூல் சாயத்துக்குப் போகிறது. அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று வியாழன் மாலைக்குள் சொல்லிவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை கைக்கு வந்துவிடும்."

நிறமாதிரிப் படத்தை மறுபடியும் இணையுங்கள். பழைய மெயிலைத் தேடச் சொல்வதுதான் எரிச்சல். 'மூன்றாம் முறையாக நினைவூட்டுகிறோம்' வேண்டாம், கடன் வசூல் வாடை அடிக்கும். வியாழன் மதியம் வரை பதில் இல்லையா, போன் செய்துவிடுங்கள்.

பணப் பாக்கி என்றால் இத்தனை தயக்கம் தேவையில்லை. உத்யம் பதிவு உள்ள சிறுதொழிலுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். பில் எண்ணையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.