குளத்தை அளந்து அல்லியைத் தெரிவு செய்தல்

அல்லி வாங்குவோர் பெரும்பாலும் மலரின் நிறத்தையே முதலில் நோக்குவர். ஆயினும், இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டக் குளமொன்றில் அச்செடி நிலைத்து வாழுமா என்பதைத் தீர்மானிப்பவை குளிர்காலம், நீரின் ஆழம், குளத்தின் பரப்பு, வெயில் ஆகிய நான்குமாகும்.

குளிர்காலம்

இலங்கையின் தேசிய மலரான நீலோற்பலம் தமிழர் பலருக்கு நன்கு அறிமுகமானது. ஆனால் அது வெப்பநாட்டு அல்லி; இங்குள்ள பனிக்காலத்தில் வெளியே பிழைக்காது. குளிர் தாங்கும் அல்லிகளில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு நிறங்கள் எளிதிற் கிடைக்கின்றன. இவற்றுட் பல, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டு லத்தூர்-மார்லியாக் உருவாக்கிய கலப்பினங்களின் வழிவந்தவை.

ஆழமும் பரப்பும்

ஆழம் என்பது நீர்மட்டத்திலிருந்து கூடையிலுள்ள மண்ணின் மேற்பகுதி வரையிலான அளவாகும்; குளத்தின் அடிவரை அளத்தல் தவறு.

• 15 முதல் 25 செ.மீ.: மஞ்சள் மலர் தரும் ‘பிக்மியா ஹெல்வோலா’. தொட்டிக்கும் ஏற்றது.
• 30 முதல் 60 செ.மீ.: சிவப்பு மலர் தரும் ‘ஜேம்ஸ் பிரைடன்’. ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம் படரும்.
• 60 செ.மீ.க்கு மேல்: வெள்ளை மலர் தரும் ‘கிளாட்ஸ்டோனியானா’. இரண்டு மீற்றருக்கும் மேற் படருமாதலால் சிறு குளத்துக்கு ஆகாது.

இலைகள் நீர்ப்பரப்பின் பாதியளவை மூடினாற் போதும். அந்நிழல் பாசியைக் கட்டுப்படுத்தும். முழுவதும் மூடினால் நீருக்குள் ஒளி புகாது.

இடமும் நடுகையும்

நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயிலும் அசைவற்ற நீரும் தேவை. நீரூற்றுத் துளிகள் இலைமேல் விழலாகாது. நீர்த்தாவரக் கூடையிற் களிமண் கலந்த மண்ணை இட்டு, மேலே சரளைக்கல் பரப்புக. சாதாரண தொட்டி உரமண் பாசியைப் பெருக்கும். முதலிற் கூடையைச் செங்கல்மேல் வைத்து, இலைகள் வளர வளரப் படிப்படியாக இறக்குக.

சட்டம் கூறுவது

வாய்க்காலிலோ ஏரியிலோ தானே வளரும் அல்லியை, நில உரிமையாளரின் அனுமதியின்றி வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி குற்றமாகும். வெளிநாட்டிலிருந்து நடுவதற்கான கிழங்கைப் பயணப்பொதியிற் கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும்.

அசோலா, மிதக்கும் பென்னிவோர்ட் உள்ளிட்ட ஐந்து நீர்த்தாவரங்களின் விற்பனை 2014 முதல் இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. இத்தகையவற்றின் சிறு துண்டும் முழுக் குளத்தையும் நிரப்பவல்லது. ஆகவே வாங்கிய அல்லியை நடுமுன் வாளியொன்றில் அலசி, ஒட்டிவந்தவற்றை அகற்றுக. மிகுந்த செடிகளை ஆற்றிலோ பூங்காக் குளத்திலோ வீசாது, தோட்டத்திலேயே உரக்குவியலில் இடுக.

குழந்தைகள் உள்ள இல்லங்கள்

சில அங்குல ஆழ நீரிலும் சிறு குழந்தை மூழ்கக்கூடும். அல்லி இலைகள் நீரை மறைப்பதால், குழந்தை அதனைத் தரையென எண்ணிக் கால்வைக்கலாம். குளத்தின்மேல் உறுதியான இரும்புவலைச் சட்டத்தைப் பொருத்துக. அதன் இடைவெளிகளூடாக இலைகளும் மலர்களும் தடையின்றி வளரும்.