வீட்டுக் கொல்லையில் வல்லாரை

வல்லாரைக் கீரையை அறியாத கிராமம் நம் நாட்டில் அநேகமாக இல்லை. வாய்க்கால் ஓரத்திலும், வயல் வரப்பிலும், குளக்கரையின் ஈரத்திலும் யாரும் விதைக்காமலே அது படர்ந்து கிடக்கிறது. தானே கிடைக்கும் பொருளைப் பயிரிட வேண்டும் என்று சொன்னால் கேட்பவர் நகைப்பது இயல்பே. எங்கள் வட்டாரத்திலும் முதலில் நகைத்தார்கள். எனினும், கண்ட இடத்தில் இக்கீரையைப் பறித்து உண்ணும் வழக்கத்தை விடுத்து, வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு பாத்தி அமைத்து வளர்ப்பதே நலம் என்பது எங்கள் அனுபவத்தில் கண்ட முடிவு. அதற்குரிய காரணத்தையும், வளர்க்கும் முறையையும் இங்கே கூற விரும்புகிறோம்.

கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், காரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே வல்லாரையும். மற்றவை நிமிர்ந்து வளர்ந்து, குடை விரித்தாற்போல் பூப்பவை. வல்லாரையின் பூங்கொத்து மிகச் சிறியது. இலைகளின் அடியில் மறைந்திருப்பது. ஆகையால் இவ்வுறவு நம் கண்ணில் எளிதில் படுவதில்லை. கொத்தமல்லி ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். வல்லாரையோ பல்லாண்டு வாழும் செடி. தரையோடு தரையாகக் கொடி ஓடிக் கணுவுக்குக் கணு வேர் ஊன்றும். வேர் ஊன்றிய ஒவ்வொரு கணுவும் ஒரு தனிச் செடியாகும். 1753-இல் லின்னேயஸ் என்னும் அறிஞர் இதற்கு இட்ட பெயரில் நீரைக் குறிக்கும் சொல்லும், கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்திருந்தன. இன்று வழங்கும் சென்டெல்லா ஆசியாட்டிகா என்ற பெயர் 1879-இல் சூட்டப்பட்டது. செடியின் இயல்பைக் காட்டுவதில் பழைய பெயரே பொருத்தமானது என்று நமக்குத் தோன்றுகிறது. ஈரமில்லாத இடத்தில் வல்லாரை தழைப்பதில்லை.

தொல்லையும் இந்த ஈரத்திலிருந்தே தொடங்குகிறது. இவ்விஷயத்தில் நாங்கள் செய்த தவறு ஒன்றை மறைக்காமல் கூறுவதே முறையாகும். எங்கள் ஒன்றியத்து ஊர் ஒன்றில், பொதுக் குழாயடியிலிருந்து வழியும் நீர் வீணாகிறதே என்று கருதி, அந்த நீரோடையின் இருமருங்கிலும் வல்லாரை நடுமாறு மகளிர் குழுவினருக்கு யோசனை கூறினோம். மூன்றாம் மாதத்தில் கீரை கொழுத்துத் தழைத்தது. பார்வையிட வந்தவர்களுக்கெல்லாம் பெருமையுடன் காட்டினோம். ஒரு நாள் குழுவிலிருந்த மூதாட்டி ஒருவர் எங்களை நோக்கி, "ஐயா, மேல துணி துவைக்கிறோம், பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுறோம். அந்தத் தண்ணியில முளைச்ச கீரையில ஒரு கட்டு உங்க வீட்டுக்குக் கொண்டுபோறீங்களா?" என்று கேட்டார். எங்களால் விடை கூற இயலவில்லை. அவ்வாரமே கீரை முழுவதும் பிடுங்கிப் புதைக்கப்பட்டது. அப்பெண்களின் மூன்று மாத உழைப்பு எங்களால் வீணாயிற்று. அதன்பின் அவ்வூரில் எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும், முதலில் குழாயடிக் கீரையைப் பற்றியே எங்களைக் கேட்டார்கள்.

மூதாட்டியின் கேள்வி முற்றிலும் நியாயமானது. வல்லாரையைப் பெரும்பாலும் பச்சையாகவே துவையல் அரைத்தும், சம்பல் செய்தும் உண்கிறோம். இலங்கையிலும் அவ்வாறே. சாக்கடை கலந்த நீரில் வளரும் கீரையில் குடற்புழுவின் முட்டைகளும், டைபாய்டு போன்ற நோய்க் கிருமிகளும் ஒட்டியிருக்கக்கூடும். இலை தரையோடு படிந்து கிடப்பதால் சேறும் அதிகம் சேரும். இவற்றைப் பலமுறை கழுவியும், நன்றாக வேகவைத்தும் ஓரளவு போக்கலாம். ஆனால் மண்ணிலுள்ள ஈயம், காட்மியம், குரோமியம் முதலிய உலோகங்களை வல்லாரை தன் வேரிலும் இலையிலும் ஈர்த்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. உள்ளே சென்ற உலோகம் கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குரோமியம் சேர்ந்த இடங்கள் உண்டு. அத்தகைய பகுதிகளில் வாய்க்கால் கீரையைத் தொடாதிருத்தலே நல்லது. கொல்லைப் பாத்திக்கும் அந்நீரைப் பாய்ச்சலாகாது.

நிற்க. பாத்தி அமைக்கும் முறையைப் பார்ப்போம். பத்தடி நீளம், மூன்றடி அகலம் உள்ள இடம் ஒரு குடும்பத்திற்குப் போதும். அகலம் மூன்றடிக்கு மேற்பட்டால், நடுவில் களை எடுக்கப் பாத்திக்குள் கால் வைக்க நேரும். கொடி மிதிபட்டு நசுங்கும். தென்னை அல்லது முருங்கை நிழல் பாதியளவு விழும் இடம் மிகவும் ஏற்றது. முழு வெயிலில் இலை சிறுத்து, காம்பு குட்டையாகிவிடும். அடர்ந்த நிழலிலோ காம்பு நீண்டு இலை வெளுக்கும். கிணற்று நீரோ, கைப்பம்பு நீரோ எதுவாயினும், துவைகல்லைத் தொடுவதற்கு முன்னரே தனியாகப் பிரித்துப் பாத்திக்குக் கொண்டுவர வேண்டும்.

மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, நன்றாக மட்கிய தொழு உரம் இரண்டு கூடை கலக்கவும். பச்சைச் சாணத்தையும், கரைத்த சாண நீரையும் இக்கீரைக்கு இடவே கூடாது. காரணம் மேலே கூறியதுதான். பாத்தியைத் தரைமட்டத்திற்கு இரண்டு அங்குலம் தாழ்வாக அமைத்தால் ஈரம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் ஒரு பக்கத்துக் கரையை வெட்டிவிட்டு நீரை வடிக்க வேண்டும்.

விதையால் வல்லாரையை வளர்ப்பது வீண் வேலை. முளைப்பது தாமதம், முளைப்பதும் சொற்பம். இரண்டு மூன்று கணுக்களும், அவற்றில் வேரும் உள்ள கொடித் துண்டுகளையே நட வேண்டும். முக்கால் அடிக்கு ஒன்றாக நட்டால், மேற்சொன்ன பாத்திக்கு ஐம்பது துண்டுகள் தேவைப்படும். புரட்டாசியில் நடுவது சிறப்பு. பெருமழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும்.

துண்டு எடுக்கும்போது செடியை அடையாளம் கண்டு எடுத்தல் அவசியம். வல்லாரை இலையின் அடியில் ஆழ்ந்த பிளவு இருக்கும். காம்பு அப்பிளவில் வந்து சேரும். விளிம்பு சிறு சிறு வளைவுகளாக வெட்டுண்டிருக்கும். குடையின் பிடிபோல் இலையின் நடுவில் காம்பு சேர்ந்திருந்தால் அது வேறு செடி. எலிக்காது இலையும் பார்வைக்கு ஏறக்குறைய இதைப் போன்றதே. ஆனால் அதில் மஞ்சள் நிறப் புனல் போன்ற பூ பூக்கும். வட நாட்டில் 'பிராமி' என்னும் பெயர் வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் பொதுவாக வழங்குவதால், வெளியூர் வியாபாரியிடம் விற்கும் குழுவினர் எச்செடி வேண்டும் என்பதைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுதல் நல்லது.

முதல் இரண்டு மாதங்கள் களைதான் பெரும் பகை. அதிலும் கோரை புகுந்துவிட்டால் வல்லாரையின் வேரோடு பின்னிக்கொள்ளும். பின்னர் ஒன்றை எடுக்க மற்றொன்றும் கூடவே வரும். நடுவதற்கு முன்பே கோரைக் கிழங்கைப் பொறுக்கிவிட வேண்டும். கொடி பாத்தியை மூடிய பிறகு களைக்கு இடமில்லை. மழைக்காலத்தில் நத்தைகள் வரும். மாலையில் விளக்கோடு சென்று கையால் பொறுக்குவது போதுமானது. பச்சையாக உண்ணும் கீரையாதலால் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

மார்கழியில் முதல் அறுவடை கிடைக்கும். கொடியை இழுத்துப் பிடுங்கலாகாது. இலையைக் காம்போடு அரிவாளால் அறுத்து, கொடியைத் தரையிலேயே விட்டுவிட வேண்டும். அறுத்தபின் மட்கிய எருவை மெல்லியதாகத் தூவி நீர் ஊற்றினால், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மறுபடியும் அறுக்கலாம். சித்திரை, வைகாசியில் பாத்தியின் மேல் தென்னங்கீற்றுப் பரப்பிக் காத்தால் செடி கோடையைத் தாண்டிவிடும்.

வல்லாரை உண்டால் பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி வளரும் என்பது நம் தாய்மார்களின் நம்பிக்கை. இதைக் குறித்து நடந்த ஆய்வுகள் சிறியவை. உறுதியாக ஒன்றைச் சொல்ல அவை போதா. புண் ஆற்றும் குணம் நெடுங்காலமாக அறியப்பட்டது. மடகாஸ்கர் தீவின் வல்லாரையிலிருந்து 1941-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஆசியாட்டிகோசைடு என்னும் பொருள் களிம்புகளில் சேர்க்கப்பட்டு வருகிறது. கீரையாக உண்பது வேறு, மாத்திரையாகவும் சூரணமாகவும் நாள்தோறும் மிகுதியாக உட்கொள்வது வேறு. பின்னதால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. கருவுற்ற பெண்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே இதை உட்கொள்ள வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் கொடிகள் நெருங்கிப் பாத்தி பாய்போல் இறுகிவிடும், இலையும் சிறுக்கும். அப்போது முழுவதையும் பெயர்த்து, மண்ணைக் கொத்தி, இளங்கொடிகளை மட்டும் திரும்ப நட வேண்டும். மிஞ்சும் துண்டுகள் பத்துப் பாத்திக்குக் காணும். குழாயடி ஊரில் இப்போது அம்மூதாட்டியின் கொல்லையிலிருந்துதான் மற்ற வீடுகளுக்குத் துண்டு போகிறது. காலையில் பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, வெயில் தாழ்ந்ததும் நட்டுவிடுமாறு அவரே சொல்லி அனுப்புகிறார்.