சோயாச் சக்கையை அளக்கும் தங்கைக்கு



நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். டோஃபு செய்யும் இடத்தில் மிஞ்சிய சோயாச் சக்கையை செல்லுலேஸ் என்சைமில் ஊறவைத்து, கரையும் நார்ச்சத்தை மும்மடங்காக்கியிருக்கிறாய். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வருடத்திலேயே இவ்வளவு சுத்தமான எண்களைப் பார்ப்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் மொத்த நார் என்ற பத்தி அட்டவணையில் இல்லை. நான் முதலில் தேடியது அதைத்தான். இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு பத்திக்காகவே எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். உலர்ந்த சக்கை 100 கிராமில் நார் 50 கிராம், அதில் கரைவது 3 கிராம் என்று வைத்துக்கொள். என்சைமுக்குப் பிறகு கரைவது 9 ஆகிவிட்டது. மும்மடங்குதான். மொத்த நாரோ 40-க்கு இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் கரையா நார் 47-லிருந்து 31 ஆகிவிட்டது. 16 கிராம் குறைந்ததில் 6 மட்டும் கரையும் பக்கம் வந்து சேர்ந்தது. மீதி 10 கிராம் எங்கே போனது? ஒன்று, குளுக்கோஸாகவே உடைந்து நார் என்ற தகுதியை இழந்திருக்கும். அல்லது சிறு சங்கிலிகளாகி, நீ பயன்படுத்திய முறையின் கண்ணில் படாமல் போயிருக்கும். முதலாவது நஷ்டம். இரண்டாவது ஒருவேளை லாபம். எது என்று தெரியாமல் “மேம்படுத்தினோம்” என்று எழுதக் கூடாது அம்மா.

முறையைப் பற்றிப் பேசுமுன் சக்கையைப் பற்றிக் கேள். ஒரு கிலோ சோயாவிலிருந்து பால் எடுத்தால் ஏறக்குறைய அதே எடைக்கு ஈரச் சக்கை மிஞ்சும். ஜப்பானியர் அதை ஒக்காரா என்கிறார்கள். அவர்களுடைய உணவுப் பட்டியலில், புரோஸ்கி என்ற என்சைம் முறையின் வழியில் அளந்தபடி, 100 கிராம் ஈரச் சக்கையில் நார் 11.5 கிராம், கரைவது வெறும் 0.4. முக்கால் பங்கு தண்ணீர். அதைக் கழித்துப் பார்த்தால் உலர்ந்த எடையில் கிட்டத்தட்டப் பாதி நார்தான். கூடவே நல்ல புரதமும் எண்ணெயும் இருப்பதால் வெப்பமான இடத்தில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். 1999 மார்ச்சில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் இதைத் தொழிற்கழிவு என்றே சொல்லிவிட்டது. உரிமம் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு டோஃபுக் கடைகளின் சக்கையை அள்ளிச் சென்ற ஒருவர் மீதான வழக்கு அது. அதே நாட்டில்தான் இதே சக்கையைக் கேரட்டும் காளானும் சேர்த்து வதக்கி உனோஹனா என்று வீட்டில் சாப்பிடுகிறார்கள். ஒரு பொருள் உணவா குப்பையா என்பதைப் பல நேரம் அதன் ஈரமும் போக்குவரத்துச் செலவும்தான் தீர்மானிக்கின்றன.

ஆகவே மாதிரி எடுக்கப் போகும்போது ஆலைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு வா. பருப்பைத் தோல் நீக்கி அரைத்தார்களா? சோயாவின் எடையில் தோல் மட்டும் சுமார் 8 சதவீதம், அதுவும் பெரும்பாலும் நார். தோல் இருந்தால் ஒரு எண், இல்லாவிட்டால் வேறு எண். அரைத்த விழுதைக் கொதிக்கவைத்துப் பிழிந்தார்களா, பச்சையாகப் பிழிந்து பாலை மட்டும் காய்ச்சினார்களா? ஜப்பானிய வழக்கம் முன்னது. சீனாவின் பழைய வழக்கம் பின்னது. பச்சையாகப் பிழிந்த சக்கையில் டிரிப்சின் தடுப்பான்கள் உயிரோடு இருக்கும். அதை நன்றாக வேகவைக்காமல் யாருக்கும் தின்னக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு அழுத்திப் பிழிந்தார்கள், எத்தனை முறை தண்ணீர் விட்டு அலசினார்கள் என்பதும் வேண்டும். நம் தேங்காய்ச் சக்கை மாதிரிதான். முதல் பாலோடு விட்டதும் மூன்றாம் பால் வரை பிழிந்ததும் ஒன்றாகுமா? “சோயாச் சக்கை” என்று ஒரே சொல்லில் மாதிரியை விவரித்த ஆய்வறிக்கைகளை நான் நம்புவதில்லை.

இப்போது அளவுக்கு வருவோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய நூலில், 1971-இல் வந்த கோபாலன் குழுவின் இந்திய உணவுப் பட்டியலில், சோயாவின் நார் 100 கிராமுக்கு 3.7 கிராம். அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலில் 20 கிராமுக்கு மேல். விதை மாறவில்லை. பழையது கச்சா நார்: நீர்த்த அமிலத்தில் ஒருமுறை, நீர்த்த காரத்தில் ஒருமுறை கொதிக்கவைத்து மிஞ்சியதை எடை போடும் முறை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வேண்டே ஆய்வு நிலையத்தில் மாட்டுத் தீவனத்துக்காக உருவானது. அந்தக் கொதிப்பில் பெக்டின் முழுக்கப் போய்விடும், ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதி போய்விடும். சோயாப் பருப்பின் செல்சுவரோ பெக்டின் நிறைந்தது. 1960-களில் பீட்டர் வான் சோயஸ்ட் கொண்டுவந்த டிடர்ஜென்ட் முறை எவ்வளவோ மேல், ஆனால் அதுவும் கால்நடைக்கானதே. கரையும் பெக்டின் அதிலும் தப்பிவிடும். மனிதக் குடலின் என்சைம்களுக்கு மசியாத பகுதியே நார் என்று ஹியூ டிரவல் 1972-இல் வரையறுத்த பிறகுதான் முறைகளும் மனிதன் பக்கம் திரும்பின. தீவன வியாபாரி இன்றும் கச்சா நாரைத்தான் கேட்பார். அவருக்கு அதைக் கொடு. உணவு லேபிளுக்கு அதை எழுதாதே.

நீ செய்வது ஏஓஏசி 991.43 என்ற நார் அளவு முறை. அதன் படிகள் உனக்கு மனப்பாடம்: கொதிநிலையில் ஆல்ஃபா அமைலேஸ், 60 டிகிரியில் புரோட்டியேஸ், பி.எச். 4.5 பக்கம் இறக்கி அமைலோகுளுகோசிடேஸ், செலைட் விரித்த க்ரூசிபிளில் வடிகட்டல், வடிநீரில் நான்கு பங்கு எத்தனால். சோயாவில் ஸ்டார்ச் சொற்பம்தானே என்று அமைலேஸ் படியைத் தவிர்க்காதே. மாதிரி போடாமல் ஓட்டும் பிளாங்க் அந்தப் படியோடுதான் கழிகிறது. சோயாச் சக்கைக்கென்றே உள்ள தொல்லைகள் வேறு.

உலர்ந்த சக்கையில் கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டும். பெட்ரோலியம் ஈதரில் எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்; கடைசியில் எண்ணை மூல மாதிரியின் எடைக்குத் திருப்பிக் கணக்கிட மறக்கக் கூடாது. வெந்த சோயாப் புரதம் நாரோடு ஒட்டிக்கொண்டு புரோட்டியேஸுக்கு எளிதில் மசியாது. எச்சத்தில் கணிசமான புரதம் இருக்கும். கெல்டாலில் நைட்ரஜன் எடுத்துக் கழிக்காவிட்டால் அதெல்லாம் நார் என்று பதிவாகிவிடும். ஒரு பீக்கரின் எச்சம் புரதத்துக்கு, மற்றதன் எச்சம் 525 டிகிரியில் சாம்பலுக்கு. அதாவது இரண்டு பீக்கர் சேர்ந்தால்தான் ஒரு அளவு. மூன்று முறை அளந்தேன் என்று சொல்ல ஆறு பீக்கர் வேண்டும். உன் நோட்டில் எத்தனை என்று பார்.

உலர்த்துவதிலும் கவனம் வேண்டும். ஓவனை ஏற்றி அவசரமாக உலர்த்தினால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறும். அந்தப் பழுப்பு எந்த என்சைமுக்கும் கரையாது, கரையா நாராகத் தராசில் ஏறும். 60 டிகிரிக்கு மேல் போகாதே. உறைநிலை உலர்த்தி கிடைத்தால் இன்னும் நல்லது. இரு மாதிரிகளையும் ஒரே சல்லடையில் சலி. மிக நைசாக அரைத்ததில் கரையும் நார் கொஞ்சம் கூடித் தெரியும். அதை என்சைமின் சாதனை என்று நினைத்துவிடுவோம்.

இனி அந்தத் தொலைந்த 10 கிராம். இந்த முறையில் “கரையும் நார்” என்பது 78 சதவீத எத்தனாலில் படியும் பொருள் மட்டுமே. நீளமான சங்கிலிகள் படியும். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற குட்டைச் சர்க்கரைகள் கரைந்தே நிற்கும், வடிகட்டியில் தப்பும். உன் செல்லுலேஸ் நாரை வெட்டிப் போட்ட சிறு துண்டுகளும் அப்படித்தான். ஆகவே வெட்டும் சிகிச்சை எதுவானாலும் 991.43 மட்டும் போதாது. அந்த வடிநீரைத் திரவ குரோமட்டோகிராஃபில் ஓட்டி, மசியாத ஒலிகோசாக்கரைடுகளையும் எண்ணும் ஏஓஏசி 2009.01 அல்லது 2011.25 வேண்டும். உங்கள் கூடத்தில் வசதி இல்லையென்றால் வடிநீரில் குளுக்கோஸையாவது அளந்து பார். எவ்வளவு முழுக்க உடைந்துபோனது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு, அதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஜாவாவில் டோஃபுச் சக்கையைப் பூஞ்சையால் புளிக்கவைத்து தெம்பே கெம்புஸ், ஒன்சோம் என்று தலைமுறைகளாகச் சாப்பிடுகிறார்கள். அருமையான தொழில்நுட்பம், வாசனையும் செரிமானமும் நிச்சயம் தேறும். ஆனால் புளித்த சக்கையில் “நார் கூடியது” என்ற சதவீதத்தைப் பார்த்தால் நின்று யோசி. பூஞ்சை சர்க்கரையையும் கொழுப்பையும் தின்று மூச்சாக வெளிவிட்டுவிடும். மொத்த எடை குறைய, தொடாத நாரின் பங்கு தானாக ஏறும். போதாததற்குப் பூஞ்சையின் சொந்தச் செல்சுவரில் இருக்கும் கைட்டினும் நாராக எண்ணப்படும், அதன் நைட்ரஜன் புரதமென்று கழிக்கப்படும். தட்டில் வைத்த உலர் எடை எவ்வளவு, எடுத்த உலர் எடை எவ்வளவு என்று எழுதிவை. ஒரு கிலோ சோயாவுக்கு எத்தனை கிராம் நார் என்று கணக்கை முடி. சதவீதத்தில் முடிக்காதே.

மேம்பாடு என்று எதைச் சொல்வது? எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: கரையா நார் குறையுள்ள நார் என்ற நினைப்பை ஏற்க மாட்டேன். மலச்சிக்கலுக்கு அதுவும் உதவும். சப்பாத்தி மாவில் கலக்க விரும்புகிறவருக்குத் தேவை கரைதிறன் அன்று. நாக்கில் மணல் தட்டாத நைசும், மாவு காய்ந்துபோகாத நீர்ப்பிடிப்பும்தான். அதற்கு நல்ல அரைவையும் மிதமான உலர்த்தலும் போதும். கடும் சூட்டில் உலர்ந்த செல்சுவர் சுருங்கி, பிறகு எவ்வளவு ஊறினாலும் பழைய அளவுக்கு உப்பாது. கரையும் நார்தான் வேண்டும் என்கிற இடங்களும் உண்டு. ஜப்பானின் ஃபுஜி ஆயில் நிறுவனம் சோயாச் சக்கையை மென் அமிலக் கரைசலில் வேகவைத்து, அதன் பெக்டின் பகுதியை நீளம் கெடாமல் பிரித்தெடுக்கிறது. புளிப்புப் பால் பானங்களில் புரதம் திரியாமல் காப்பது அந்தப் பாலிசாக்கரைடு. அங்கே என்ன வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் சக்கையைத் தொட்டார்கள். நாரை மேம்படுத்தித் தருவோம் என்று எக்ஸ்ட்ரூடர் வைத்திருப்பவர்கள் உன்னிடம் வருவார்கள், நீராவி வெடிப்புக்காரர்களும் வருவார்கள். யாராக இருந்தாலும் யார் சாப்பிட, எதற்காக என்று கேள்.

இப்போதைக்கு உன் வேலை இது. உறைபெட்டியில் மீதமிருக்கும் பழைய மாதிரியையும் என்சைம் போட்டதையும் ஒரே நாளில், ஒரே பிளாங்கோடு, ஆறாறு பீக்கரில் மறுபடி ஓட்டு. என்சைம் சேர்க்காமல் அதே நேரம் அதே சூட்டில் ஊறிய மூன்றாவது மாதிரியையும் சேர்த்துக்கொள். வெறும் வெந்நீர் எவ்வளவு கரைத்தது என்று அதுதான் சொல்லும். கரைவது, கரையாதது, மொத்தம், வடிநீர் குளுக்கோஸ், உலர் எடை இழப்பு என்று ஐந்து பத்தி போடு. பிளாங்க் எண்களையும் மறைக்காமல் அனுப்பு. மும்மடங்கு இரண்டு மடங்காகக் குறைந்து வந்தாலும் எனக்கு அந்த அட்டவணைதான் வேண்டும்.

அன்புடன்,
அக்கா