மழைநாள் சிற்றுண்டிக்கு வீட்டு நிலக்கடலை

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் என்று நம் முன்னோர் வகுத்த மாதங்கள். ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலை பிடுங்கப்பட்டு, களத்துக்கும் வீட்டுக்கும் வந்து சேரும் காலமும் இதுவே. வெளியே மழை பிடித்துக்கொண்டால் வயல் வேலை நின்றுவிடும். குடும்பத்தார் அனைவரும் மாலையில் ஒன்றாக வீட்டில் இருப்பது ஆண்டில் இந்த ஓரிரு மாதங்களில்தான். அப்போது அடுப்பில் ஒரு பானை கடலை அவிந்தால், அதைச் சுற்றி வீடே கூடிவிடும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் மல்லாட்டை என்றும், வேறு இடங்களில் வேர்க்கடலை, கடலைக்காய் என்றும் பெயர் மாறினாலும் பண்டம் ஒன்றுதான்.

விளையாட்டு நாட்களிலும் இதுவே துணை. ஊர்த் திடலில் கபடிப் போட்டி நடந்தால் கடலைப் பொட்டலம் இல்லாத கை இராது. தொலைக்காட்சியில் இந்திய அணி ஆடும் நாளிலோ, கேட்கவே வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது சரியாக நமது கடலைப் பருவத்தில்தான். ஆட்டம் கைவிட்டுப் போனது வேறு கதை. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இலையுதிர் காலத்தில் பச்சைக் கடலையை உப்பு நீரில் அவித்துச் சாலையோரம் விற்கிறார்கள்; அந்நாட்டுக் கால்பந்து ஆட்டம் பார்ப்பவர்களுக்கு அது விருப்பமான தீனி. தென் கரோலினா மாநிலம் 2006-இல் அவித்த கடலையைத் தன் மாநிலச் சிற்றுண்டியாகவே அறிவித்துவிட்டது.

இத்தனை பேர் விரும்பும் இந்தப் பண்டத்தைச் செய்வது எளிது. ஆனால் எந்தக் கடலையை எடுத்துச் செய்கிறோம் என்பதை நம் வீடுகளில் யோசிப்பதில்லை. இக்கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது.

வீட்டுக்கு வருவது எது?

அறுவடை முடிந்ததும் வியாபாரி வருகிறார். திரண்ட, பளிச்சென்ற காய்கள் மூட்டையாகி வண்டி ஏறுகின்றன. களத்தில் எஞ்சுவது என்ன? மண்வெட்டி பட்டு ஓடு உடைந்தவை, மழையில் நனைந்து கறுத்தவை, செடியிலேயே முளை விட்டவை, சூம்பியவை. இவற்றைக் கூட்டி அள்ளி, "வீட்டுக்குத்தானே, இருக்கட்டும்" என்று சமையலறைக்கு அனுப்புகிறோம். சிக்கனம் என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் இந்தக் கழிவில்தான் ஆபத்து மிகுதி.

ஓடு உடைந்த, ஈரம் தங்கிய கடலையில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் வளர்கிறது. பருப்பின் மேல் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் பொடி போலத் தெரியும். இப்பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகிறது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது தீவனத்தில் சேர்த்திருந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நச்சு இருந்தது தெரிய வந்தது. அப்போதுதான் உலகம் இதை அறிந்தது.

கோழிக்குத்தானே என்று தள்ளிவிட முடியாது. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிச் சிற்றூர்களில் மக்கள் மஞ்சள் காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோத்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் உண்டது சந்தையில் வாங்கிய கலப்படச் சரக்கல்ல. தங்கள் சொந்த நிலத்தில் விளைந்து, அறுவடைக் காலத்து மழையில் நனைந்து, பூசணம் பிடித்த மக்காச்சோளம். அதே பூசணம், அதே நச்சு. அவ்வளவு கடுமையாக நேருவது அரிது என்றாலும், சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் ஈரலைக் கெடுத்து, ஈரல் புற்றுநோய்க்கும் வழி செய்கிறது. ஈரலில் ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கேடு அதிகம்.

அவித்தால், வறுத்தால் நச்சு போய்விடாதா என்று உழவர்கள் பலர் கேட்பதுண்டு. போகாது. வெப்பத்தில் பூசணம் சாகும். அது விட்டுச் சென்ற நச்சு வீட்டு அடுப்பின் சூட்டுக்கு அழிந்துபோவதில்லை. வறுக்கும்போது ஓரளவு குறையலாம், அவ்வளவே. மிளகாயும் பூண்டும் சேர்த்துத் துவையல் அரைத்தால் கெட்ட வாடை மறையும், கேடு மறையாது.

ஆனால் இதில் நமக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. ஒரு குவியலில் உள்ள நச்சு முழுவதும் பெரும்பாலும் ஒரு சில பருப்புகளில்தான் திரண்டிருக்கும். எனவே கையால் பொறுக்கி நீக்குவதே பெரும் பாதுகாப்பு. முறத்தில் பருப்பைப் பரப்பி, நல்ல வெளிச்சத்தில், நிறம் மாறியவை, சுருங்கியவை, பூசணம் பட்டவை, முளைத்தவை, தோல் கறுத்தவை ஆகியவற்றைத் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். பார்வைக்கு நன்றாக இருந்தும் வாயில் கசக்கும் பருப்பை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்க வேண்டும்.

பொறுக்கிய கழிவை என்ன செய்வது? கோழிக்கு வீசுவது வழக்கம். கோழியும் வாத்தும் இந்த நச்சுக்கு எளிதில் பலியாகும் என்பதை வான்கோழிக் கதையே சொல்கிறது. செக்குக்கு அனுப்புவதும் தவறு. நச்சின் பெரும் பகுதி பிண்ணாக்கில் தங்கும். சுத்திகரிக்காத எண்ணெயிலும் ஒரு பங்கு கலக்கும். அந்தப் பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைத்தால் நச்சு வேறு உருவில் பாலில் இறங்கி, திரும்ப நம் குழந்தையின் தம்ளருக்கே வரும். குழி தோண்டிப் புதைப்பதே முறை.

களத்திலேயே தொடங்க வேண்டும்

பொறுக்குவது கடைசி வேலை. பூசணம் நுழைவது வயலில். கடைசி மூன்று, நான்கு வாரங்களில் நிலம் கடுமையாக வறண்டால் காயில் வெடிப்பு விழுந்து பூசணம் உட்புகும். வசதி இருப்பவர்கள் அந்தச் சமயத்தில் ஓர் உயிர்த் தண்ணீராவது கொடுத்தால் விளைச்சலுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

பிடுங்கும் பக்குவத்தை நாள் கணக்கில் மட்டும் முடிவு செய்யக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான காய்களில், அதாவது நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல், ஓட்டின் உட்புறம் கரும்பழுப்பாக இருந்தால் முற்றிவிட்டது. கொத்து இரகங்களின் விதைக்குப் பெரும்பாலும் உறக்கக் காலம் கிடையாது. முற்றிய பின் மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். வானிலை அறிவிப்பு இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இரண்டு நாள் வெயில் கிடைக்கும் என்று தெரிந்தால் ஆள் பிடித்துவிடுவது நல்லது.

பிடுங்கிய செடிகளை ஈரத்தோடு பெரும் போராகக் குவிப்பதே நம்மிடம் உள்ள மிகக் கெட்ட பழக்கம். போரின் நடுவே சூடேறி, புழுங்கி, ஓர் இரவில் பூசணம் பிடிக்கும். காய் மேல்நோக்கி இருக்குமாறு செடிகளைத் தலைகீழாகச் சிறு வரிசைகளில் வைத்து உலர விட வேண்டும். காய் பறித்த பின் களத்தில் மெல்லிய பரப்பாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, நான்கைந்து வெயில் காயவைக்க வேண்டும். தூறல் வந்தால் தார்ப்பாய் போடலாம். மழை விட்ட உடனே பாயை எடுக்காவிட்டால் உள்ளே வேர்த்து, நனைந்ததைவிட மோசமாகிவிடும்.

காய்ந்ததற்கு அடையாளம் எளிது. காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென ஓசை தரும். பருப்பை விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் கழலும். அழுத்தினால் வளையாமல் சட்டென்று இரண்டாகப் பிளக்கும். காயில் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இல்லாதபோது சாக்கில் கட்டி, தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். ஒழுகும் கூரையின் கீழ் வைத்த மூட்டைக்கு இவ்வளவு பாடும் வீண்.

வியாபாரி வருவதற்கு முன்பே வீட்டுப் பங்கை நல்ல காயிலிருந்து ஒதுக்கிவிட வேண்டும். 20 கிலோ காய்ந்த காயை உடைத்தால் ஏறக்குறைய 14 கிலோ பருப்பு கிடைக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாள் ஒன்றுக்கு 200 கிராம் வீதம் 70 நாட்களுக்கு வரும். மழைக்காலம் கழிந்து மார்கழி வரை போதும். அந்த 20 கிலோவால் விற்பனையில் குறையும் பணம் பெரிதல்ல. நிலக்கடலைப் பருப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு புரதம். இதை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குக் கடையில் காற்றடைத்த பொட்டலம் வாங்குவது நட்டக் கணக்கு.

அவித்த கடலை

இதற்குக் காயாத, அன்று பறித்த பச்சைக் காயே சிறந்தது. ஓட்டில் ஓட்டையோ வெடிப்போ உள்ளவற்றை நீக்கி, மண் போக நான்கைந்து தண்ணீரில் அலச வேண்டும். ஒரு கிலோ காய்க்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், 40 கிராம் கல்லுப்பு. பானையில் 45 நிமிடம் வரை கொதிக்க வேண்டும். குக்கரில் மூன்று, நான்கு விசில் போதும். இறக்கியவுடன் வடிக்கக் கூடாது. அரை மணி நேரம் உப்பு நீரிலேயே ஊறினால்தான் பருப்பு வரை உப்பு ஏறும். சிலர் ஒரு துண்டு இஞ்சியும் மஞ்சள் தூளும் சேர்ப்பார்கள். மணம் நன்றாகவே இருக்கும்.

அவித்த கடலையில் ஈரம் மிகுதி. ஆட்டம் முடிந்து மிச்சம் தாம்பாளத்தில் கிடந்தால், மறுநாள் காலை வழுவழுப்பும் புளிப்பும் வந்திருக்கும். அன்றே தின்று தீர்க்குமளவுக்கு அவிப்பது நல்லது. குளிர்பெட்டி உள்ள வீட்டில் இரண்டு நாள் வைக்கலாம்.

காய்ந்த பருப்பில் செய்வதானால் இரவு முழுவதும் ஊறவைத்து, வேகவைத்து, கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் துருவிப் போட்டால் சுண்டல். கம்பஞ்சோற்றுக்கோ சூடான இட்டிலிக்கோ கடலைத் துவையல் உண்டு. இவற்றை நம் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பு கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். நசுக்கியோ அரைத்தோ கொடுக்கலாம்.

கடலை உருண்டை

விளையாட்டு பார்க்க வரும் கூட்டத்துக்கு முன்கூட்டியே செய்து வைக்க ஏற்றது இது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு இதன் மதிப்பு கூடியுள்ளது. வீட்டில் செய்வதும் கடினமல்ல.

ஒரு கிலோ பருப்பை மணலிலோ வெறும் வாணலியிலோ சிறு தீயில் வறுத்து, ஆறியதும் தேய்த்துத் தோலைப் புடைத்து நீக்க வேண்டும். தோல் போனதும் மஞ்சள், பச்சைக் கறைகள் தெளிவாகத் தெரியும். இரண்டாம் முறை பொறுக்க இதுவே தருணம். 600 கிராம் வெல்லத்தை ஒரு தம்ளர் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்றிக் காய்ச்ச வேண்டும். பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். இழுத்தால் நீண்டால் இன்னும் வேக வேண்டும். உருட்டிக் கிண்ணத்தில் போட்டால் டங்கென்று ஓசை வர வேண்டும், அதுவே பதம். உடனே இறக்கி, ஏலம், சுக்குப் பொடி தூவி, பருப்பைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூடு தணியுமுன் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உருண்டை பிடிபடாது; அப்போது வாணலியை ஒரு நிமிடம் சிறு தீயில் காட்டினால் இளகும்.

உருண்டைகள் முற்றும் ஆறிய பின் ஈரமில்லாத தூக்கிலோ டப்பாவிலோ போட்டு இறுக மூடினால் மூன்று வாரம் கெடாது. மழைக்காற்று பட்டால் பிசுபிசுக்கும். ஆகவே பெரிய டப்பாவை அடிக்கடி திறக்காமல், அன்றன்று வேண்டியதைச் சிறிய டப்பாவுக்கு மாற்றிப் பிள்ளைகள் கையில் கொடுப்பது நல்லது.