புதியவருக்கு ஏற்ற லினக்ஸ் வழங்கலைத் தெரிவு செய்தல்

மாணவர்களே, பணிசெயல் முறைமை பற்றிய அலகில் வின்டோஸ், லினக்ஸ் ஆகிய பெயர்களைக் கற்றிருப்பீர்கள். "லினக்ஸ் இலவசமானது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வோரே அதிகம். ஆனால் வீட்டிலுள்ள ஒரேயொரு கணினியில் அதனை நிறுவ முனையும்போது "எந்த லினக்ஸ்?" என்னும் வினா எழும். அதற்கு விடை தெரியாமல் இறங்கினால் இழக்கப்போவது புள்ளிகள் அல்ல, வன்தட்டிலுள்ள கோப்புகள்.

லினக்ஸ் என்பது கண்டிப்பாகக் கூறின் பணிசெயல் முறைமையின் கரு மாத்திரமே. 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை எழுதத் தொடங்கினார். கரு தனித்து நின்று பயனருக்கு உதவாது. அதனுடன் கட்டளைக் கருவிகள், வரைவியல் பயனர் இடைமுகம், நிறுவல் மென்பொருள், பிரயோக மென்பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பொதி செய்து தருவதே வழங்கல் எனப்படும். பேச்சு வழக்கில் டிஸ்ட்ரோ என்பர். 1993 இல் டெபியன் தோன்றியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004 இல் உபுண்டுவும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு 2006 இல் லினக்ஸ் மின்ட்டும் வெளிவந்தன. இவ்வுறவுமுறையை அறிந்திருப்பது நன்று. உபுண்டுவுக்கென எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகளிற் பெரும்பாலானவை மின்ட்டிலும் செல்லுபடியாகும்.

முதலில் கணினியை நோக்குக

வழங்கலின் பெயரிலிருந்து தொடங்குவது தவறு. உங்கள் கணினி எதைத் தாங்கும் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். பிரதான நினைவகம் எவ்வளவு, முறைவழியாக்கி 64 பிற்று வகையா, வன்தட்டில் எவ்வளவு வெற்றிடம் உண்டு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வின்டோஸ் 10 இல் கணினியின் விபரங்களைக் காட்டும் பக்கத்தில் முறைமையின் வகையும் முறைவழியாக்கியின் வகையும் ஒரே வரியில் தரப்பட்டிருக்கும். 64 பிற்று முறைவழியாக்கியில் 32 பிற்று வின்டோஸ் நிறுவப்பட்டிருக்கலாம். ஆகவே வரியின் முதற்பாதியை மட்டும் வாசித்து ஏமாற வேண்டாம்.

உபுண்டு 2017 இலும், மின்ட் தனது பிரதான பதிப்பில் 2020 இலும் 32 பிற்றுக் கணினிகளுக்கான நிறுவலைக் கைவிட்டன. டெபியனும் 2025 இல் வெளியான 13 ஆம் பதிப்புடன் அவ்வழியே சென்றது. 32 பிற்றுக்கான சிறு வழங்கல்கள் சில எஞ்சியுள்ளனவாயினும் புதியவருக்கு அவை பொருத்தமல்ல.

64 பிற்றுக் கணினியாயின் லினக்ஸ் மின்ட்டே எமது முதல் தெரிவு. வின்டோஸ் பழகியவருக்கு அதன் பட்டியும் தொடக்கப் பொத்தானும் அந்நியமாகத் தோன்றா. அதன் குறைந்தபட்சத் தேவை 2 கிகாபைற்று நினைவகமும் 20 கிகாபைற்று வன்தட்டு இடமுமாகும். ஆயினும் இணைய உலாவியையும் திறந்து வைத்து வேலை செய்வதாயின் 4 கிகாபைற்று நினைவகம் வேண்டும். மின்ட்டில் சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஈ என மூன்று இடைமுகங்கள் உள. பழைய கணினிக்கு எளிமையான எக்ஸ்எஃப்சிஈ போதும். 8 கிகாபைற்று நினைவகம் உள்ளவர் உபுண்டுவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தரவிறக்கும் கோப்பின் அளவையும் கவனிக்குக. மின்ட்டினது ஏறத்தாழ 3 கிகாபைற்று; உபுண்டுவினது 5 இலும் கூடியது. தொலைபேசி டேட்டாவில் தரவிறக்கும் வீட்டில் இது சிறிய வேறுபாடன்று.

காளி லினக்ஸைப் பற்றி நண்பர்கள் பெருமையாகக் கூறக்கூடும். அது கணினி வலையமைப்புகளின் பாதுகாப்பைப் பரிசோதிப்போருக்காக ஆக்கப்பட்டது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு அதனை ஆக்கியோரே சிபாரிசு செய்வதில்லை.

எத்தனை ஆண்டு ஆதரவு?

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் வெளிவரும். அதற்கு 5 ஆண்டுகள் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும். இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதங்களே. புதியது என்பதற்காக இடைப்பதிப்பை நிறுவினால் பரீட்சைக் காலத்தில் மறுபடியும் பதிப்பு மாற்ற நேரிடலாம். மின்ட்டின் பிரதான பதிப்புகள் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே தழுவுவதால் இச்சிக்கல் எழாது.

செய்ய வேண்டிய வேலை

சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், நிகழ்த்துகை, தரவுத்தளம் ஆகியவற்றை லிப்ரே ஒஃபிஸ் மூலம் பயிலலாம். உயர்தர மாணவருக்குத் தேவையான பைதன் மொழி மின்ட்டிலும் உபுண்டுவிலும் முன்னரே இருக்கும். தமிழ்த் தட்டச்சுக்கு ரெங்கநாதன், தமிழ்99 ஆகிய விசைப்பலகை அமைப்புகள் கிடைக்கின்றன. ஆனால் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தோன்றும். கோப்பு பழுதடைந்துவிட்டதெனப் பதறாமல் பாமினி எழுத்துருக் கோப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

நிறுவாமலே பரீட்சித்தல்

வழங்கலைப் பென்டிரைவில் எழுதி, வன்தட்டைத் தொடாமலே கணினியை அதிலிருந்து இயக்கலாம். 8 கிகாபைற்றுப் பென்டிரைவ் போதும். அதிலிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறவாதீர். இயக்கியபின் வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, திரை ஆகியவை தொழிற்படுகின்றனவா எனப் பாருங்கள். வேகத்தை மட்டும் இங்கு மதிப்பிட வேண்டாம். பென்டிரைவ் வன்தட்டிலும் மெதுவாக இருக்கலாம். வைஃபை தொழிற்படாவிடின் நிறுவுவதை ஒத்திவைப்பதே புத்தி, ஏனெனில் அதற்குரிய டிரைவர் மென்பொருளைத் தரவிறக்கவும் இணையம் வேண்டும்.

நிறுவும்போது, வன்தட்டை முழுமையாக அழித்து நிறுவும் தெரிவும், இருக்கும் வின்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் தெரிவும் திரையில் அடுத்தடுத்துத் தோன்றும். முதலாவதைத் தெரிந்து உறுதிப்படுத்திவிட்டால் குடும்பப் படங்களும் செயற்றிட்ட அறிக்கையும் போய்விடும். ஆதலால் காப்புப் பிரதியை வேறொரு வன்தட்டில் எடுத்த பின்னரே நிறுவலைத் தொடங்க வேண்டும். மின்சாரம் தடைப்படக்கூடிய நாளில் இதில் இறங்காதீர்.

மாதிரி வினா

ஒரு கடைக்காரரின் கணினியில் 64 பிற்று முறைவழியாக்கி, 4 கிகாபைற்று நினைவகம், 320 கிகாபைற்று வன்தட்டு, வின்டோஸ் 7 ஆகியன உள்ளன. பற்றுச்சீட்டு அச்சிடும் மென்பொருள் வின்டோஸில் மாத்திரமே இயங்கும். அவருடைய மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயில்கிறாள். பொருத்தமான பணிசெயல் முறைமை ஏற்பாட்டைக் காரணங்களுடன் தருக.

விடை

வின்டோஸை அகற்றாமல், அதனருகே லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை நிறுவி, கணினியைத் தொடக்கும்போது இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் இரட்டைத் தொடக்க முறையை அமைத்தல். கடை மென்பொருளுக்கு வின்டோஸ் தேவை. ஆனால் வின்டோஸ் 7 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 இல் முடிவடைந்தமையால் இணைய வேலைகளை மின்ட்டிலேயே செய்தல் வேண்டும். 4 கிகாபைற்று நினைவகம் எக்ஸ்எஃப்சிஈ இற்குப் போதுமானது. மகளுக்கு வேண்டிய பைதனும் அலுவலக மென்பொருளும் உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கும். நிறுவ முன்னர் கடைக் கணக்குகளுக்குக் காப்புப் பிரதி எடுத்தல் அவசியம்.

"லினக்ஸ் இலவசம், ஆகவே லினக்ஸ்" என்று மட்டும் எழுதும் விடை கடைக்காரரின் மென்பொருளைக் கணக்கிலெடுக்கவில்லை. திறந்த மூலம் என்பதும் விலையில்லை என்பதும் ஒன்றல்ல. மூலக் குறிமுறையைப் பார்க்கவும் மாற்றவும் மீள வழங்கவும் உள்ள உரிமையே திறந்த மூலத்தின் இலட்சணம்.