ஓர் அடி விட்டத்தில் ஒரு ஹெலிகாப்டர்

48 அடி விட்டமுள்ள விசிறியை 48-இல் ஒரு பங்காகக் குறுக்கினால் சரியாக ஓர் அடி வருகிறது. அமெரிக்காவின் பெல் கம்பெனியார் செய்து, வியட்நாம் யுத்தத்தின் வாயிலாக உலகம் முழுவதும் ‘ஹ்யூயி’ என்ற செல்லப்பெயரால் அறியப்பட்ட யுஹெச்-1டி ஹெலிகாப்டரின் மாதிரியைக் கட்டத் துணிந்தபோது, என்னை முதலில் வசீகரித்தது இந்தக் கணக்குத்தான். பையனின் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்து மேஜைமேல் வைத்து, இந்த நீளம் முழுவதையும் இரண்டே இரண்டு தகடுகள் நிறைத்து நிற்கப் போகின்றன என்று எண்ணிப் பார்த்தபோது உண்டான உவகை, பிறகு வந்த மூன்று மாதப் பிரயாசை முழுவதிலும் என்னை விட்டு நீங்கவில்லை.

அதுவரை நான் ஆகாய விமானங்களின் மாதிரிகளையே கட்டி வந்தவன். விமானத்துக்கு உடம்பே பிரதானம். ஓட்டி அமரும் இடம் ஒரு சிறு குழி. அதில் ஆசனத்தை வைத்து மூடிவிட்டால் உள்ளே செய்த பிழைகள் பார்ப்பவர் கண்ணுக்கு அகப்படுவதில்லை. ஹெலிகாப்டரோ பாதி கண்ணாடி, பாதி வாசல். ஹ்யூயியின் முகத்தில் இரண்டு பெரிய கண்ணாடிகள், அவற்றின் கீழே ஓட்டிகளின் பாதங்களைக் காட்டும் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள், கூரையில் பச்சைச் சாயம் ஏற்றிய இரண்டு ஜன்னல்கள், இவற்றோடு போர்க்களத்தில் பெரும்பாலும் திறந்தே கிடந்த அகலமான பக்கக் கதவுகள். ஆகவே இதைக் கட்டுபவன் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். ஆசனங்களின் துணி, தரையின் சாம்பல் வர்ணம், பின்சுவரில் சத்தத்தை அடக்கத் தைத்துப் பொருத்திய மெத்தை, கருவிப் பலகையின் வட்டங்கள் ஆகிய அனைத்தையும் வர்ணம் தீட்டி, காயவிட்டு, ஒருமுறைக்கு இருமுறை வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே உடலின் இரு பாதிகளையும் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் அங்கே தூரிகை நுழையாது.

கண்ணாடி விஷயத்தில் எனக்கு நேர்ந்த விபத்தை விரிவாகவே சொல்கிறேன், மற்றவர்களுக்கு உபயோகப்படும். அவசரத்தில், ஒரு சொட்டில் ஒட்டிக்கொள்ளும் உடனடிப் பசையால் முகப்புக் கண்ணாடிகளைப் பொருத்தினேன். அந்தப் பசை காயும்போது எழும் ஆவி, காற்றோட்டமில்லாத இடத்தில் அகப்பட்டால், அருகிலுள்ள பரப்புகளின்மேல் வெண்படலமாகப் படிந்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், இரண்டு வாரம் உழைத்து நான் தீட்டிய கருவிப் பலகைக்கு முன்னால் பனி மூடினாற்போல ஒரு திரை. அதுவும் கண்ணாடியின் உட்புறத்தில். வெளிப்புறமாக இருந்திருந்தால் பற்பசை தொட்ட மென்துணியால் மெல்ல மெல்லத் தேய்த்து நீக்கியிருக்கலாம். உள்ளே விரல் போக வழியில்லை. அன்று முதல் கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகாலைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. அது காய நேரம் பிடிக்கும். ஆனால் காய்ந்தபின் தெளிவாகிவிடும், விளிம்பில் பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்து விடலாம், பிழைபட்டால் கழற்றி மீண்டும் ஒட்டலாம்.

பெரிய விசிறிக்கு மேலே, அதற்குச் செங்குத்தாகக் குறுக்கே நிற்கும் ஒரு மெல்லிய தண்டு உண்டு. இரு முனைகளிலும் சிறு எடைகள். பாகங்கள் இணைந்து வரும் சட்டத்திலிருந்து வெட்டும்போதே அது என் கையில் முறிந்தது. ஏதோ அலங்காரத் துணுக்கு என்று எண்ணி, அதை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு அது என்னவென்று விசாரித்துப் படித்தறிந்தபோது, அப்படி யோசித்ததற்காக மனம் மிகவும் வருந்தியது. ஆர்தர் யங் என்னும் அமெரிக்கர், பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் பயின்றவர், தத்துவ விசாரத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். அவர் ஹெலிகாப்டர் என்னும் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, பல வருஷ காலம் தனியாக, மின்மோட்டாரால் இயங்கும் சிறுசிறு மாதிரிகளைக் கட்டிக் கட்டிப் பரிசோதித்தார். காற்றில் எழுந்த மாதிரிகள் நிலைகொள்ளாமல் தள்ளாடிக் கவிழ்ந்தன. பம்பரம் சுழலும்போது தன் நிலையை விட்டு எளிதில் சாய மறுக்கிறதல்லவா? அந்தக் குணமுள்ள ஒரு தண்டை விசிறியோடு இணைத்துச் சுழலவிட்டால், உடல் சாய்ந்தாலும் தண்டு சாயாமல் நின்று, இணைப்புகளின் வழியே தகடுகளின் கோணத்தைத் திருத்தும் என்று அவர் கண்டார். 1941-இல் பெல் கம்பெனியாருக்குத் தம் மாதிரியைப் பறக்கவிட்டுக் காட்டினார். அதன் பயனாக உருவான பெல் 47, 1946 மார்ச் மாதம், பொதுமக்கள் உபயோகத்துக்கென்று அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆயிற்று. முதல் வகை 1956-இல் பறந்த ஹ்யூயியின் தலைமேலும் அதே தண்டுதான் நிற்கிறது. ஒரு மனிதர் பொறுமையாகக் கட்டிய சிறு மாதிரியில் பிறந்து, மெய்யான யந்திரத்துக்குப் போன உறுப்பு அது. முறிந்த தண்டை எறிந்துவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியை அளந்து வெட்டி, முனைகளில் ஃபெவிகால் துளிகளை எடைகளாக உருட்டி, புதிதாக ஒன்று செய்தேன். அந்த ஒரு மாலைப்பொழுதைப் போல் வேறெந்த மாலையும் இந்த வேலையில் எனக்கு நிறைவு தந்ததில்லை.

விசிறித் தகடுகள் பெட்டியில் அம்புபோல் நேராகவே வருகின்றன. நின்றிருக்கும் மெய்யான ஹெலிகாப்டரிலோ அவை தம் பாரத்தால் முனையை நோக்கிச் சற்றே தொய்ந்திருக்கும். கொதித்து இறக்கிய நீரில் தகட்டைச் சில விநாடி அமிழ்த்தி, விரலால் மெல்ல வளைத்து, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் வளைவு நிலைக்கும். இரண்டு தகடுகளும் ஒரே அளவில் தொய்வதற்கு, ஒரு காகிதத்தில் வளைவை வரைந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுவது நலம்.

இனி வர்ணம். இணைப்புகளில் பட்டி பார்த்து, நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி உலர்த்துவது எல்லோரும் அறிந்ததே. பலர் அறியாதது, பூச்சின் கனமும் அளவுக்குள் அடங்க வேண்டும் என்பது: மாதிரியின்மேல் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கனத்துக்கு வர்ணம் ஏறினால், மெய்யான யந்திரத்தின்மேல் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து அப்பியதற்குச் சமானம், ஆணித்தலைகளும் தகட்டுக் கோடுகளும் அதில் புதைந்து போகும். ஆகையால் வர்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, ஏர்பிரஷில் குறைந்த அழுத்தத்தில், மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவேன். திறந்த வாசல்களில் ஈரமான மென்காகிதத்தை அடைத்து உட்புறத்தைக் காப்பேன். அமெரிக்க ராணுவத்தின் அந்த ஆலிவ் பச்சை, பழுப்பும் பாசியும் கலந்த மங்கல் நிறம். புட்டியில் உள்ளபடியே பூசினால் சிறிய பொருளின்மேல் இருண்டு தெரியும் என்பதால், சிறிது வெளிர்மஞ்சளைக் கலந்து தெளிவிக்கிறேன். எங்கள் தெருவில் விளம்பரப் பலகை எழுதும் பெரியவர் ஒருவர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, “நிழலுக்குக் கறுப்பை நேரா எடுக்காதீங்க சார், அந்தப் பச்சையிலேயே பழுப்பைக் கலந்து போடுங்க” என்றார். அவர் சொன்னபடி செய்த பின்புதான் கதவு விளிம்புகளும் ஆணி வரிசைகளும் வரைந்த கோடுகளாகத் தோன்றாமல் உண்மையான பள்ளங்களாகத் தோன்றின.

எழுத்துகளையும் எண்களையும் நீரில் நனைத்து ஒட்டும் முன், பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மின்னும். கடைசியில் பளபளப்பை மறைக்கும் மங்கல் வார்னிஷை நான் பூசியது ஐப்பசி மாதத்து அடைமழை நாளில். காற்றின் ஈரம் அதில் கலந்து, ஹெலிகாப்டர் முழுவதும் சாம்பல் பூத்தது. நான்கு நாள் பொறுத்து, வெயில் வந்ததும் மறுபடி பளபளப்பைப் பூசி, உலர்ந்தபின் மங்கலைப் பூசியதும் பூப்பு மறைந்தது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் வார்னிஷைத் திறக்காமலிருப்பதே உத்தமம்.

வியட்நாமின் மத்திய மேட்டுநிலம் செம்மண் பூமி. அந்தத் தூசியைக் காட்ட நான் காவிப்பொடியை உலர்ந்த தூரிகையால் இட்டேன். ஆனால் விசிறிக் காற்று தூசியை எங்கே எழுப்பும், வீரர்களின் பூட்ஸுகள் எங்கே மிதிக்கும் என்று யோசித்து, சறுக்குக் கால்கள், அடிவயிறு, கதவுப் படி, உள்தரை இவற்றில் மட்டுமே. எஞ்சினின் புகைவாய் பின்னோக்கி இருப்பதால், வால் தண்டின் மேற்புறத்தில் கரி படிய வேண்டும். அதற்கு மட்டும் பென்சில் கரியைத் தொட்டேன். வால் விசிறி இடப்பக்கம் இருப்பதைப் படத்தில் சரிபார்த்து ஒட்டினேன்.

எல்லாம் முடிந்த இரவு, பித்தளைத் தண்டை விசிறியின் உச்சியில் வைத்து, பையனின் ஜியாமெட்ரிப் பெட்டியிலிருந்த மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி, தகடுகளுக்குச் சரியாக 90 பாகையில் அது நிற்கிறதா என்று பார்த்தேன். சற்றே விலகியிருந்தது. பசை இளகியிருக்கையிலேயே ஊசி முனையால் தள்ளி, நேராக்கி, விளக்கை அணைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.