வரி இல்லாத ஊரில் செலவு

கேள்வி: புரூணை நாட்டில் செரியா என்ற எண்ணெய் ஊரில் என் மகனுக்கு வெல்டர் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வருமான வரியே கிடையாதாமே, நிறைய மிஞ்சுமா?
- ஒரு தந்தை, செந்துறை

பதில்: வரி கிடையாது, நிஜம்தான். பெட்ரோலும் லிட்டர் 53 சென்ட்தான். 1929-ல் எண்ணெய் கண்ட ஊர். 1991-ல் நூறு கோடியாவது பீப்பாய்க்கு நினைவுச்சின்னமே எழுப்பிவிட்டார்கள்.

ஆனால் உங்கள் பிள்ளை பெட்ரோலையா குடிக்கப்போகிறார்? சின்ன வெங்காயம், புளி, மிளகாய்த்தூள் எல்லாம் வெளியிலிருந்து வந்து இறங்குபவை. புரூணை டாலர் சிங்கப்பூர் டாலருக்குச் சமம்; மலேசிய ரிங்கிட்டைவிட மதிப்பு அதிகம். அதனால் அங்குள்ளவர்கள் விடுமுறையில் எல்லை தாண்டி, மலேசியாவின் மிரியில் ரிங்கிட்டில் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அதற்கு வண்டி வேண்டும். பஸ்ஸை நம்பி நம் அரியலூர்க்காரர் பழக்கத்தில் நின்றால், நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். கடைகளில் மது விற்பனை இல்லை. அந்தச் செலவு மிச்சம்!

சம்பளத்தொகையைவிட, தங்குமிடம், சாப்பாடு, போக வர விமானச் சீட்டு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைகிரேட் தளத்தில் சரிபார்த்த பிறகே நகையை அடகு வையுங்கள்.